ஒன்றரைக் கிலோ பெட்டிக்கு ஆறரைக் கிலோ கட்டணமா?

கேள்வி: கரூரில் இருந்து டேபிள் கிளாத், கிச்சன் டவல், குஷன் விற்கும் சிறிய ஆன்லைன் கடை நடத்துகிறேன். ஜிஎஸ்டி பதிவு உண்டு. சிங்கப்பூர், லண்டன், அமெரிக்காவில் இருந்தும் கேட்கிறார்கள். ஒன்றரைக் கிலோ குஷன் பெட்டிக்குக் கூரியர்காரர் ஆறரைக் கிலோவுக்குக் காசு கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? வெளிநாட்டு விற்பனையை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஏமாற்றவில்லை. விமானத்தில் எடை மட்டுமல்ல, இடமும் காசு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் பெட்டி 40×40×20 என்று வையுங்கள்: 32,000-ஐ 5000-ஆல் வகுத்தால் 6.4. அரைக் கிலோ கணக்கில் ஏற்றினால் 6.5 ஆகிவிடும்.

பஞ்சை இங்கேயே விட்டுவிடுங்கள். உறையை மட்டும் விற்றால் போதும். உள்ளே வைக்கும் தலையணை சிங்கப்பூரில் கிடைக்காதா என்ன? நான்கு உறைகளை மடித்து 30×25×5 அளவில் கட்டினால் அதே கணக்கு முக்கால் கிலோதான் காட்டும். சுங்கக் குறியீடும் மாறும்: பஞ்சு அடைத்த குஷன் 9404, வெறும் உறை 6304, டேபிள் கிளாத்தும் கிச்சன் டவலும் 6302. இன்வாய்சில் மொட்டையாக ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்று எழுதாதீர்கள். நூறு சதவீதப் பருத்தி, நெய்த துணி, எத்தனை எண்ணம், என்ன விலை என்று பிரித்து எழுதுங்கள்.

காகித வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மத்திய அரசின் வெளிநாட்டு வணிக இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாய் கட்டி, ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண்ணை எடுங்கள். உங்கள் பான் எண்ணே அந்த எண்ணாக வரும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரத்தை உறுதிசெய்ய வேண்டும், மறந்தால் முடங்கிவிடும். ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைப் போட்டுவிட்டால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். அதையும் நிதியாண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஏற்றுமதிப் பணம் எந்த வங்கி வழியாக வரும் என்று சுங்கத்துக்குக் காட்டும் ஏடி கோடை உங்கள் வங்கியில் கேட்டு வாங்குங்கள். தனியார் கூரியரில் அனுப்பினால் சிஎஸ்பி-5 என்ற கூரியர் ஏற்றுமதி பில் முறையில் பதியச் சொல்லுங்கள். அஞ்சல் துறையில் அனுப்பினால் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற அஞ்சலக ஏற்றுமதி மையம் வழியாக இணையத்திலேயே ஏற்றுமதி பில் போடலாம்.

‘கிஃப்ட்னு போட்டுடலாம், வரி வராது’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது பொய் அறிவிப்பு. பெட்டி தொலைந்தால் நீங்கள் எழுதிய அந்தச் சொற்ப விலைக்கு மேல் இழப்பீடும் கேட்க முடியாது.

கட்டணத்தைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பக்கம் வரியை யார் கட்டுவது என்பது. நான் தொழில் தொடங்கிய புதிதில் லண்டனுக்கு ஒரு பெட்டி அனுப்பினேன். வாசலில் வரி கேட்டதும் வாடிக்கையாளர் வாங்க மறுத்துவிட்டார். பெட்டி திரும்பி வந்தது. திரும்பி வந்த கூலியும் என் தலையில்தான் விழுந்தது.

அதனால் ‘உலகம் முழுவதும் அனுப்புகிறோம்’ என்று இப்போதே போடாதீர்கள். சிங்கப்பூரை மட்டும் திறங்கள். 400 சிங்கப்பூர் டாலருக்கு மேல் போகாத சரக்கு விமானத்திலோ அஞ்சலிலோ போனால், அங்கே ஜிஎஸ்டி பதிவுக்கு உட்படாத உங்களைப் போன்ற சிறு கடையின் பெட்டிக்கு வாசலில் வரி கேட்க மாட்டார்கள். பிரிட்டன் அப்படி இல்லை. 135 பவுண்டு வரையிலான சரக்கை உங்கள் தளத்திலேயே நேரடியாக விற்றால், அங்கே வாட் பதிவு எடுத்து 20 சதவீதத்தை நீங்களே வசூலித்துக் கட்ட வேண்டும். பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் நின்றுபோனது. வரி விகிதமும் மாறிக்கொண்டே இருக்கிறது. வரியை முன்கூட்டியே கட்டி அனுப்பும் டிடிபி முறையில், அந்த வாரத்து விகிதத்தைக் கேட்டு விலையோடு சேர்க்கத் தெரிந்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

முதல் ஆர்டரை சிங்கப்பூரில் தெரிந்தவர் ஒருவரைக் காசு கட்டியே போடச் சொல்லுங்கள். பெட்டி கைக்கு வந்ததும் பிரிப்பதற்கு முன் நான்கு மூலைகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலை நசுங்கியிருந்தால் அடுத்த பெட்டிக்கு ஐந்தடுக்கு அட்டை வாங்குங்கள்.