பக்கத்து லைனை நகைக் கடனில் வாங்கலாமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 19 ஆண்டுகளாகப் பேப்பர் ஏஜென்டாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் 280 வீடுகளுக்குப் பேப்பர் போட்டேன், இப்போது 210. அசோக் நகரில் லைன் (பேப்பர் போடும் வீடுகளின் வரிசை) வைத்திருக்கும் நண்பர் உடல்நிலை காரணமாகத் தொழிலை விடுகிறார். தன் 180 வீடுகளை 1,50,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கமிஷனும் டெலிவரி சார்ஜும் சேர்த்து வீட்டுக்கு மாதம் 110 ரூபாய் கிடைக்கும். பேப்பர் போடும் இரண்டு பையன்களின் சம்பளம் 8,000, பெட்ரோல் 1,500, வசூலாகாத பாக்கி சுமார் 1,300. மனைவியின் நகையை வைத்தால் மாதம் 1 சதவீத வட்டிக்குப் பணம் கிடைக்கும். வாங்கலாமா?
- வாசகர், சென்னை-33

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். நகையை வைத்து நிச்சயமாக வேண்டாம்.

உங்கள் கணக்குப்படி 180 வீடுகளில் 19,800 ரூபாய் வரவு, 10,800 செலவு. மாதம் 9,000 மிச்சம். பதினேழு மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் உங்கள் கடிதத்திலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு வீடுகளை இழந்திருக்கிறீர்கள். அசோக் நகரிலும் அப்படியே நடந்தால் 180 வீடு 135 ஆகும். வரவு 14,850 ஆக இறங்கும். செலவோ அதே 10,800. மிச்சம் 4,050.

வீடு கால் பங்கு குறைந்தால் லாபம் பாதிக்கு மேல் போய்விடுவது ஏன்? தெருவில் பத்து வீடு வாங்கினாலும் ஆறு வீடு வாங்கினாலும் பையன் அதே தெருவைக் கடைசி வரை மிதித்துத்தான் ஆக வேண்டும். அவன் சம்பளத்தைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது.

வீடுகள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இப்படிக் குறைந்தால், மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2,28,000 ரூபாய் கிடைக்கும். நகையை மீட்க அசல் 1,50,000, வட்டி 54,000. மிஞ்சுவது 24,000, மாதத்துக்கு 700 ரூபாய்கூட இல்லை. அதன் பிறகும் லைன் உங்களிடம் இருக்குமே என்பீர்கள். இருக்கும், மாதம் 4,000 ரூபாய் தருவதாக, மேலும் தேய்ந்துகொண்டே. நகைக் கடனுக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான் தவணை என்பதையும் மறக்காதீர்கள்.

இதில் உங்கள் உழைப்பில் குறையில்லை. நம் நாட்டில் செய்தித்தாள் அச்சிடும் காகிதத்தில் பெரும்பங்கு இறக்குமதியாகிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது அதன் விலை எகிறியது. பேப்பர் விலை ஏறும்போதெல்லாம் இரண்டு பேப்பர் வாங்கிய வீடு ஒன்றை நிறுத்துகிறது; ஒன்று வாங்கிய வீடு கைப்பேசிக்குப் போகிறது.

பதில் எழுதும் முன் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு ஆரிய கவுடா சாலைப் பக்கம் போய்ப் பார்த்தேன். நடைபாதையில் கட்டைப் பிரித்து, கட்டைவிரலால் தாளை விலக்கி இணைப்பைச் செருகி, ஒரே மடிப்பில் சைக்கிள் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மழை வரும்போல் இருந்ததால் ஒரு பையன் தன் சட்டைக்குப் போட வேண்டிய பிளாஸ்டிக் உறையைக் கட்டின் மேல் போர்த்தினான். இந்த வேலைக்குச் சென்னை வீடுகள் கொடுக்கும் கூலி குறைவு என்பதே என் எண்ணம்.

அதனால் லைனை வாங்கும் முன் உங்கள் 210 வீடுகளில் டெலிவரி சார்ஜை 20 ரூபாய் கூட்டுங்கள். பத்து வீடுகள் கோபித்துக்கொண்டு நிறுத்தினாலும் மீதி 200 வீடுகளில் 4,000 ரூபாய் கூடுதலாக வரும், இழப்பு 1,100. கடனே இல்லாமல் மாதம் 2,900 ரூபாய்! பில்லில் பேப்பர் விலையையும் உங்கள் கூலியையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். மொத்தமாக ஒரு தொகை போட்டால், விலையேற்றம் முழுவதும் நீங்கள் செய்தது என்றே வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். வசூலுக்கு முதல் மாதம் நீங்களே நேரில் போங்கள்.

நண்பரின் லைனில் ஆசை விடவில்லையென்றால் அடுக்குமாடிகளை மட்டும் கேளுங்கள். ஒரே கேட்டுக்குள் 25 பேப்பர் போடும் இடம், நான்கு தெருவில் சிதறிய 25 வீடுகளைவிட எவ்வளவோ மேல். விலையை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். கை மாறிய மூன்றாம் மாதம் எத்தனை வீடுகள் நிற்கின்றனவோ, அத்தனைக்கு மட்டும், உங்கள் மாத வருமானத்திலிருந்து தவணையாகக் கொடுங்கள். நோயில் இருக்கும் நண்பருக்கும் மாதாமாதம் கைக்குப் பணம் வருவது உதவும்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பையன்கள் இருட்டில் சைக்கிள் மிதிக்கிறார்கள். 18 வயது நிறைந்தவர்களை அவரவர் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 70 வயது வரை சேரலாம் என்பதால் உங்களுக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதை முடித்துவிடுங்கள். அவர்களின் 20 ரூபாயையும் நீங்களே கட்டுங்கள்.