நகைச்சுவைப் படங்களால் பாரதூரமான விசயங்களைப் பேச முடியுமா?

முடியும். சில விசயங்களை அவற்றால் மட்டும்தான் பேச முடியும் என்றே நினைக்கிறேன்.

போரால் மூடிக் கிடந்த ஏ9 நெடுஞ்சாலை 2002 இல் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ‘தெனாலி’ சீடி போட்டுப் பார்த்தோம். 2000 இல் வந்த படம். எதைக் கண்டாலும் பயப்படுகிற ஈழத்து அகதியாகக் கமல்ஹாசன். அவர் பேசிய எங்கள் தமிழ் சில இடங்களில் காதுக்கு ஒட்டவில்லை, அதற்கும் சேர்த்தே சிரித்தோம். தன் பயங்களை அவர் ஒவ்வொன்றாக அடுக்கியபோது வீடே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் அம்மம்மா சொன்னா: "எனக்கும் உப்பிடித்தான் பிள்ளை. தூரத்தில உழவுமிசின் வந்தாலும் குண்டு போடுற பொம்மர் எண்டு நெஞ்சு இடிக்கும்."

பங்கருக்குள் எங்களை மடியில் வைத்திருந்தவ அவ. தனக்குப் பயம் என்று அதுவரை ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சோகப் படமாக இருந்திருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போயிருப்பா. அழ வைக்கிற படத்தில் யாரோ ஒருவருக்காக இரங்குகிறோம். பகிடியில் அப்படித் தள்ளி நிற்க முடியாது. அது நம்முடைய கூத்து என்று தெரிந்த கணத்தில்தான் சிரிப்பே வருகிறது.

அந்தப் படத்தில் கடைசியில் கோமாளியாவது யார்? தெனாலிக்கு வைத்தியம் பார்க்கிற மனநல மருத்துவர். ஜெயராம் நடித்த அந்த மனிதர் பொறாமையில் நிதானம் இழந்துகொண்டே போகிறார். யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பதை வைத்தே ஒரு படத்தை எடைபோடுகிறேன். ‘மண்டேலா’வில் (2021) ஊரார் ஒழுங்கான பெயர்கூட வைக்காத ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை வாக்கு தேர்தலையே தீர்மானிக்கும். சிரிப்பெல்லாம் அவர் பின்னால் ஓடுகிற சாதிப் பெருமைக்காரர்மேல். கறுப்பு நிறத்தையும் திக்குவாயையும் பகிடி பண்ணுகிற படங்கள் எனக்கு வேண்டாம்.

எல்லை இல்லாமலும் இல்லை. ஹிட்லரைக் கேலி செய்து 1940 இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்த சாப்ளின், நாஜி முகாம்களின் கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அதை எடுத்திருக்க முடியாது என்று பின்னர் தன் சுயசரிதையில் எழுதினார். எனக்கு அது விளங்குகிறது. 2009 இன் இறுதிப் போரை வைத்து யாராவது பகிடிப் படம் எடுத்தால் என்னால் பார்க்க ஏலாது. ஆனால் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் பாட்டுக் கேட்ட இரவுகளை, இங்கத்தைய பிள்ளைகள் படமாக்கினால் முதல் நாளே போவேன்.