ஓடிவந்து எறிதல் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் பாடசாலை அணிக்குக் கூடைப்பந்து விளையாடுகிறேன். நின்ற இடத்தில் இருந்து எறிந்தால் பத்தில் ஏழு விழும். ஓடிவந்து பாஸை வாங்கி எறிந்தால் இரண்டு விழுவதே பெரிய பாடு. அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ரே அலன், கிளே தொம்சன் எல்லாம் ஓட்டத்திலேயே போட்டிருக்கிறார்களே, அது கைராசியா? 'நீ அவசரப்படுகிறாய்' என்கிறார் சேர்.

– கல்லடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சேர் சொல்வது பாதி சரி. அவசரப்படத்தான் வேண்டும், பந்து வருவதற்கு முன்னால்.

பஸ் நிற்க முன்னமே குதிக்கிற கண்டக்டரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலை முன்னே ஊன்றி, உடம்பைப் பின்னே சாய்த்து, பஸ் கொடுத்த வேகத்தை அந்தக் காலாலேயே கொல்லுவார். வலப்பக்கம் ஓடுகிறவன் வேகத்தைக் கொல்லாமல் எறிந்தால், அது பந்தோடும் போய் வளையத்தின் வலது விளிம்பில் தட்டும். உங்கள் பந்து எந்தப் பக்கம் தவறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருந்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய பாதர் ஹேபியரிடம் பழகியவர். பந்தைத் தரமாட்டார். சீமெந்துத் தரையில் கரித்துண்டால் இரண்டு பாதம் கீறி, 'ஓடிவந்து இதில நில்லு' என்பார். வலப்பக்கம் ஓடினால் கூடைக்குக் கிட்ட இருக்கிற இடது கால் முதலில், முழங்கால் மடிந்தபடி. வலது கால் சுற்றி வந்து சேரும்போது இடுப்பு கூடைப் பக்கம் திரும்பியிருக்க வேணும். பந்து கைக்கு வருவது அப்போதுதான். வாங்கிய பிறகு குனிகிறவன் தடுப்பவனுக்கு ஒரு எட்டை இனாமாகக் கொடுக்கிறான்.

2013 என்பிஏ இறுதித்தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 5.2 செக்கன் மிஞ்சியிருக்க ரே அலன் போட்ட மூன்று புள்ளியைத் திரும்பப் பாருங்கள். பின்பக்கமாகவே மூலைக்கு ஓடுகிறார். மூன்று புள்ளிக் கோடு எங்கே என்று குனிந்து பார்க்கவில்லை. பயிற்சியில் நிலத்தில் படுத்துக் கிடந்து எழும்பி, இப்படிப் பின்னோக்கி ஓடி எறிவது அவருடைய வழக்கமாக இருந்தது.

தொம்சன் 2016 டிசம்பரில் 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தபோது பந்தை நிலத்தில் தட்டியது மொத்தம் 11 தடவை. மிச்சமெல்லாம் பந்தில்லாத ஓட்டம். ஸ்கிரீனை, அதாவது தடுப்பவனை மறித்து நிற்கிற தன் அணிக்காரனை, சுற்றி ஓடும்போது தடுப்பவன் பின்னாலேயே வந்தால் உள்ளே வளைவார். குறுக்கால் வந்தால் வெளியே விலகுவார். அவன் செய்வதைப் பார்த்தபிறகுதான் இவர் முடிவெடுக்கிறார். எனக்கு எறிதலைவிட இந்தக் கள்ளத்தனம்தான் பிடிக்கும்.

ஒரு கிழமைக்குப் பந்தைத் தொடாமல் கால் மட்டும் பழகுங்கள். அதற்கு முதல், கச்சான் காற்று கோர்ட்டில் கொண்டுவந்து கொட்டிய மணலைத் தும்புத்தடியால் கூட்டிவிடுங்கள். எனக்குக் கணுக்கால் சுளுக்கியது அந்த மணலில்தான்.