ஆற்றில் தண்ணீர், போரில் இல்லை: கேள்வி பதில்

மன்னார்குடி அன்பர்: வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது. நூறடி தள்ளி என் நானூறடி போரில் மட்டம் ஏறவே இல்லை. ஏன் ஐயா?

போர் போட்டபோது வந்த சாம்பல் நிறக் களியை உருட்டிப் பார்த்தீர்களா? கயிறாகத் திரிந்திருக்கும். அதற்குள்ளும் தண்ணீர் இறங்கும். கெட்டிக் களியில் ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்குச் சுமார் 1,20,000 லிட்டர். மணிக்கு 15,000 லிட்டர் தள்ளும் மோட்டார் அதை எட்டு மணி நேரத்தில் இறைத்துவிடும். குறுவைக்கோ ஏக்கருக்கு இதைப்போல் முப்பது நாற்பது மடங்கு வேண்டும். உங்கள் போர் தண்ணீர் எடுப்பது களிக்கு அடியில் இருக்கும் மணற்கல்லில். அதற்குத் தண்ணீர் முக்கியமாக ஏறுவது மேற்கே, வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில். அந்தக் கல் அங்கேதான் வெளியே தலைகாட்டுகிறது.

கும்பகோணம் அன்பர்: தவறு. எங்கள் ஊரில் ஆறு வந்த பத்தாம் நாளே போர் ஏறுகிறது.

உங்களுடையது நாற்பதடி ஆற்று மணல், அவருடையது களிக்கு அடியில். இரண்டும் வேறு தண்ணீர்.

ஒரத்தநாடு: போருக்குள் மழைத் தண்ணீர் விடலாமா?

இதைக் கேட்கும் ஐந்தாவது ஆள் நீங்கள். கூரைத் தண்ணீரை ஜல்லி, மணல் வழியே வடிகட்டி விடலாம். வயல் வடிகால் கூடவே கூடாது. யூரியாவும் பூச்சிமருந்தும் நேரே குடிதண்ணீருக்குப் போகும்.

திருத்துறைப்பூண்டி: நல்ல தண்ணீர் வந்த போர் இப்போது உப்பு. கடல் புகுந்துவிட்டதா?

எடுத்தவுடன் கடலைத் திட்டாதீர்கள். மேலே இருக்கும் உப்பு ஊற்று கேசிங் பைப்பின் (துளைக்குள் இறக்கும் குழாயின்) வெளிப்புறமாகவே இறங்கியிருக்கலாம். துளைக்கும் பைப்புக்கும் நடுவே, களி இருக்கும் ஆழத்தில் சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். ஒருமுறை செலவு பார்த்து நானே விட்டுவிட்டேன். நாலாம் மாதம் அந்த வீட்டில் பால் ஊற்றியதும் டீ திரிந்தது.

இன்னொருவர்: தேங்காய் வைத்து ஊற்று பார்க்கலாமா?

என்னிடம் கேட்காதீர்கள்.

மன்னார்குடி அன்பர் மறுபடி: குளத்தைத் தூர்வாரிக் களியை எடுத்துவிட்டால் ஆழத்துக்கு இறங்காதா?

ஐயா, எடுப்பது இரண்டடி; அடியில் எண்பதடி இருந்தால்? குளத்தில் தண்ணீர் நிற்பதே அந்தக் களியால்தான்.

கும்பகோணம் அன்பர்: அப்போ கொள்ளிடத்தில் மணல் அள்ளினால் அவருக்கு நஷ்டமில்லை?

அவருக்கு இல்லை, உங்களுக்குத்தான். ஒரு கன மீட்டர் ஆற்று மணல் இருநூறு லிட்டருக்குக் குறையாமல் பிடித்து வைத்துக் கொடுக்கும். சண்டையை அங்கே போடுங்கள். அடுத்த கேள்வி போருக்குள் மழைத் தண்ணீர் விடுவது பற்றியென்றால், மேலே பார்க்கவும்.