கலர் நம்பர் கேக்காதீய, அடியில என்ன இருக்குன்னு கேளுங்க

இந்த தடவை வண்டிப் பெயிண்ட் பத்தி வந்த கேள்வில பாதிக்கு மேல "அண்ணாச்சி, மிலிட்டரி பச்சைக்கு நம்பர் என்ன"தான். சொல்லிட்டுப் போயிருதேன், ஒலிவ் கிரீன், ஐ.எஸ். 5ங்கிற இந்தியத் தரக் கலர் அட்டைல 220. போதுமா? இனி ஒருத்தரும் கேக்கப்பிடாது. ஒர்க்‌ஷாப்ல இருபது வருசத்துக்கு மேல பெயிண்ட் பூத்துக்குள்ளயே கெடந்தவன் சொல்லுதேன், வண்டி துருப்பிடிக்கதும் பிடிக்காததும் அந்த நம்பர்ல இல்ல, அதுக்கு அடியில என்ன பிரைமர் போட்டீய, அதுக்கும் அடியில தகட்ட எப்படி வச்சிருந்தீயங்கிறதுலதான் இருக்கு. சரி, வந்த வரிசைலயே பாப்போம்.

என்கிட்ட பழைய ஜீப் ஒண்ணு இருக்கு, ஆர்.சி. என் பேர்லதான். ஒலிவ் கிரீன் அடிக்கலாமா? (வள்ளியூர்)

அடிக்கப்பிடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 121வது விதி. ராணுவத்துக்குச் சொந்தமான வண்டியத் தவிர எதுக்கும் அந்தக் கலர் கிடையாது. ஏலத்துல எடுத்த அசல் ராணுவ வண்டி ஜோங்காவா இருந்தாலும் உங்க பேருக்கு மாறின அன்னைக்கே அது சிவிலியன். வேற கலர் அடிங்க, அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.ல ஏத்திக்கிடுங்க.

கடையில "இது மிலிட்டரி கிரேடு, கெமிக்கல் வார்லயே ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லி சாதா பெயிண்ட விட மூணு மடங்கு விலைக்குக் குடுத்தாங்க. நாலு மாசத்துல கைய வச்சா பவுடரா ஒட்டுது. ஏன்? (பாளையங்கோட்டை)

வந்துட்டா! நானும் எத்தனை வருசமாத்தான் தொண்டத்தண்ணி வத்த சொல்லுதேன், மிலிட்டரி கிரேடுன்னு ஒரு கிரேடே உலகத்துல கிடையாது வே. ஸ்பெசிஃபிகேஷன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரு நம்பர் இருக்கு, அந்த நம்பர்ப்படி சரக்கு இருக்கான்னு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுப்பாவ, அவ்வளவுதான். டப்பா மேல டாங்க் படம் போட்டவன் எல்லாம் மிலிட்டரி கிரேடுன்னா எங்க தெரு டீக்கடை போர்டுலயும்தான் டாங்க் படம் இருக்கு.

அந்தக் கடைக்காரர் "கெமிக்கல் வார்"னு எங்கயோ காதுல வாங்கினது கார்க்னு (CARC) ஒரு சமாச்சாரம். அமெரிக்க ராணுவம் 1980கள் நடுவுல இருந்து வண்டிகளுக்கு அடிக்க பாலியூரித்தேன் பெயிண்ட். அது ஏன் வந்துதுன்னா, சாதா எனாமல் மேல மஸ்டர்ட் கேஸ் மாதிரி விஷம் பட்டா பெயிண்டுக்குள்ள ஊறிரும், நீங்க மேல கழுவினாலும் உள்ள ஊறினது அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா வெளிய வந்துக்கிட்டே இருக்கும், வண்டியத் தொட்டவன் கதி அதோகதி. கார்க் இறுக்கமா குறுக்குப் பின்னல் போட்ட மாதிரி காயும், விஷத்த உள்ள விடாது, விஷத்த முறிக்க ஊத்துத மருந்துக்கும் கரையாது. அதனால கழுவி எடுத்திரலாம். உள்ள உக்காந்திருக்க ஆளக் காப்பாத்துத பெயிண்ட் இல்ல அது, கழுவ வசதியான பெயிண்ட். இதத்தான் ஆளாளுக்கு கவசம் மாதிரி பேசுதாவ.

அதுலயும் டப்பா ஒண்ணு வாங்கி அடிச்சா முடிஞ்சுதுன்னு இல்ல. தகட்டுக்கு பாஸ்பேட் மாதிரி ஒரு ட்ரீட்மென்ட், அதுக்கு மேல எப்பாக்சி பிரைமர் (அவங்க நம்பர் மில்-டிடிஎல்-53022), அதுக்கு மேல டாப் கோட், ஒரே டப்பால வரதுன்னா 53039, தண்ணி கலந்து அடிக்குத ரெண்டு டப்பா சரக்குன்னா 64159. மூணும் சேந்தாத்தான் அது கார்க். தேறின கம்பெனின்னு பட்டியல்ல இருக்கவங்ககிட்டதான் வாங்குவாவ. நம்ம ராணுவமும் தன்னோட ஸ்பெசிஃபிகேஷன் வச்சு, டெண்டர் விட்டு, சாம்பிள் டெஸ்ட் பண்ணித்தான் எடுக்கும். ஜங்ஷன்ல ஒரு கடைல லிட்டர் கணக்குல அளந்து ஊத்துதாம்னா அது என்ன சரக்கா இருக்கும்னு நீங்களே யோசிங்க.

இனி உங்க பவுடர் விஷயம். டப்பா ஒண்ணா ரெண்டா, இறுக வைக்குத ஹார்டனர் கலந்தீயளா, எதுவும் எழுதல. டாக்டர்கிட்ட போயி "வலிக்கு"ன்னு மட்டும் சொன்னா எங்க வலிக்குன்னு அவரு மை போட்டா பாப்பாரு? ரெண்டு டப்பான்னா உங்களுக்கு எப்பாக்சியத் தலைல கட்டிருக்கான். எப்பாக்சி தகட்டப் பிடிக்கதுல ராஜா, ஆனா வெயில் ஆவாது, நம்ம ஊர் வெயிலுக்கு சாக்பீஸ் மாதிரி உதிரும். அதுக்கு மேல பியூ, அதான் பாலியூரித்தேன், டாப் கோட் கட்டாயம் வேணும். ஒரே டப்பான்னா மலிவு எனாமல்ல சுண்ணாம்புப் பவுடர் நிறையப் போட்டு மங்கலாக்கினது. எப்பாக்சியா இருந்து நல்லா பிடிச்சிருந்தா நல்ல காலம், பவுடரக் கழுவிட்டு 320 நம்பர் தண்ணி எமரி போட்டு மேல பியூ அடிச்சிரலாம். எனாமல்னா முழுசா உரிங்க.

அடுத்த தடவை கடைக்குப் போனா டேட்டா ஷீட் கேளுங்க. கலக்குத விகிதம், பாட் லைஃப் (கலக்கின பொறவு எத்தனை நேரம் தாங்கும்), வால்யூம் சாலிட்ஸ் (காய்ஞ்ச பொறவு தகட்டுல மிஞ்சுத பங்கு) எத்தனை சதவீதம், ஒரு கோட்டுக்கு எத்தனை மைக்ரான் கனம், அடுத்த கோட் எத்தனை மணி நேரத்துக்குள்ள, தயாரிச்ச தேதி. "ஷீட் எதுக்கு சார், நான் சொல்லுதேம்லா"ன்னு சொன்னாம்னா செருப்பப் போட்டுக்கிட்டு எறங்கிருங்க.

எத்தனை லிட்டர் வாங்கணும்? (அனுப்பினவர் ஊர் போடல)

எதுக்கு? சைக்கிளுக்கா, லாரிக்கா? வண்டி பேர் கூட இல்லாம ஒரு கேள்வி. கணக்கு நீங்களே போட்டுக்கிடுங்க. வால்யூம் சாலிட்ஸப் பத்தால பெருக்கி வேணும்ங்கிற மைக்ரானால வகுத்தா, ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் ஓடும்னு வரும். 50 சதவீத சரக்கு, 50 மைக்ரான்னா பத்து சதுர மீட்டர். ஸ்ப்ரேல மூணுல ஒரு பங்கு காத்துல போயிரும், அதனால ஆறு ஏழுன்னு வைங்க. ஜீப் உள்ள, வெளிய, அடியில எல்லாம் சேத்து 25, 30 சதுர மீட்டர் வரும். அப்போ கோட்டுக்கு நாலஞ்சு லிட்டர்.

உவரில கடலுக்குப் பக்கத்துல வீடு. ஏலத்துல எடுத்த பழைய ஜோங்கா, ரெட் ஆக்சைடு அடிச்சு வச்சிருக்கேன், அதையும் மீறி துரு வருது.

வரத்தான் செய்யும். ரெட் ஆக்சைடு சட்டை இல்ல, பனியன். அத மட்டும் போட்டு உப்புக்காத்துல நிப்பாட்டினா காத்தும் ஈரமும் உள்ள போயிரும். அதுக்கும் முந்தி ஒரு விஷயம், துருப்பள்ளத்துக்குள்ள உப்பு உக்காந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது, நீங்க பளபளன்னு தேச்சு மேல தங்கத்தையே ஊத்தினாலும் அந்த உப்பு ஈரத்த இழுத்துப் பெயிண்டக் கொப்புளமாத் தூக்கிரும். அதனால தேய்க்கதுக்கு முன்ன ஒரு தடவை, தேச்ச பொறவு ஒரு தடவை நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். நல்ல தண்ணின்னா நல்ல தண்ணி. உங்க பக்கத்து போர் தண்ணி வாயில வச்சா உப்புக் கரிக்கும், அதுல கழுவுததுக்கு கழுவாமலே இருக்கலாம். குடிக்க வார லாரித் தண்ணில ரெண்டு கேன் ஒதுக்குங்க, பைசா பாக்காதீய.

சேசிஸ மட்டும் பிளாஸ்டிங் (மணல் மாதிரித் தூளக் காத்து வேகத்துல அடிச்சுத் துரு எடுக்கது) குடுங்க, குடுத்த அன்னைக்கே ஜிங்க் ரிச் எப்பாக்சி அடிச்சிரணும், ராத்திரி தாண்டினா உங்க ஊர்க்காத்துக்கு மறுபடி செவந்துரும். ஜிங்க் ரிச் வெறும் தகட்டத் தொட்டாத்தான் வேலை செய்யும், பழைய பெயிண்ட் மேலயோ துரு மேலயோ அடிச்சா காசக் கடல்ல போட்ட கணக்கு. பாடி பேனலுக்கு பிளாஸ்டிங் வேண்டாம், தகடு நெளிஞ்சிரும், ரிமூவர் போட்டு உரிச்சு ஜிங்க் பாஸ்பேட் எப்பாக்சி அடிங்க. மேல பியூ. எல்லாம் சேத்து 200 மைக்ரான் வரணும். கதவுக்கு அடியில தண்ணி வடியுத ஓட்டை இருக்கும், அதப் பட்டி வச்சு அடைக்குத புண்ணியவான் ஊருக்கு ஒருத்தன் இருக்கான், பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க.

எங்க ஊர் தேரி மண்ணு நல்லா நைசா இருக்கு. அதயே சலிச்சு பிளாஸ்டிங் பண்ணினா செலவு மிச்சம்லா? (திசையன்விளை)

செலவு மிச்சம், நுரையீரல் மிச்சம் இருக்காது. மணல்ல சிலிக்கா, அடிக்கும்போது ஒடஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூளா நெஞ்சுக்குள்ள போயி தங்கிரும், சிலிக்கோசிஸ்க்கு மருந்து கிடையாது. அதோட களிமண் ஒட்டின மணலு தகட்டுல அழுக்கையும் சேத்து அடிச்சு வைக்கும். பிளாஸ்டிங்க்கு நல்ல சரக்கு கார்னெட். வேடிக்கை என்னன்னா அந்த கார்னெட் நம்ம கடற்கரை மண்ணுலதான் இருக்கு, செவந்து கெடக்கும் பாத்திருப்பீய. அதுக்காக ராத்திரி டிராக்டர எடுத்துக்கிட்டு கடற்கரைக்குப் போயிராதீய, தாது மணல் அள்ளுததுக்கு 2013ல தடை போட்டாச்சு. பில்லோட மூட்டை வாங்குங்க.

பழைய எனாமல் மேல பியூ அடிக்கலாமா?

கூடாது. சுருங்கிரும், அவிச்ச கெழங்குத் தோல் மாதிரி. எனாமலா இல்லையான்னு தெரியலைன்னா தின்னர்ல நனைச்ச துணிய வச்சுத் தேய்ங்க, கலர் துணில வந்தா உரிக்கணும்.

பளபளப்பு போக பெயிண்டுல முகத்துக்குப் போடுத பவுடர் கலக்கலாம்னு பெயிண்டர் சொல்லுதாரு.

அவரு மூஞ்சில போட்டுக்கிடச் சொல்லுங்க. மேட்டிங் பேஸ்ட்னு கடைல கெடைக்கும், அதே கம்பெனி சரக்கா வாங்குங்க.

மிலிட்டரி பச்சை அடிச்சா நைட் விஷன்ல தெரியாதாமே, உண்மையா? (தென்காசி, கல்லூரி மாணவர்)

எந்தப் பச்சைங்கிறதப் பொறுத்து தம்பி. செடி இலை நம்ம கண்ணுக்குப் பச்சை, ஆனா 700 நானோமீட்டர் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்ல அது வெளிச்சத்த அப்படியே திருப்பி அடிக்கும், அந்தக் கேமராவுல மரம் வெள்ளையா நிக்கும். கடைப் பச்சை அங்க கருப்பா விழும். வெள்ளைக் காட்டுக்கு நடுவுல கருப்பா ஒரு லாரி நின்னா குருடனுக்கும் தெரியும். அதனால ராணுவத்துப் பெயிண்டுல இலை மாதிரியே திருப்பி அடிக்குத நிறமி போடுவாவ, குரோமியம் ஆக்சைடு அதுல ஒண்ணு. ஆனா எஞ்சின் சூட்டப் பாக்குத தெர்மல் கேமரா வேற ஜாதி, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீய. கேள்வி நல்ல கேள்வி, இந்த வாரத்துல உருப்படியா வந்தது இது ஒண்ணுதான்.

ஜூலைல குத்தாலத்துக்குப் பக்கத்துல ஷெட்ல அடிச்சோம். மறுநாள் வெள்ளையா பூத்திருக்கு.

சாரல் காலத்துல யாரு அடிக்கச் சொன்னா? குளிக்கதுக்கு வந்த சீசன் அது. காத்துல ஈரம் 85 சதவீதம் தாண்டினா ஸ்ப்ரே கன்னக் கீழ வச்சிரணும். தகட்டோட சூடு பனி இறங்குத சூட்ட விட மூணு டிகிரியாவது கூட இருக்கணும், இல்லன்னா தகடு வேர்க்கும், அந்த வேர்வை மேலதான் நீங்க அடிக்கீய. நானும் பட்டவன்தான். சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு ஒர்க்‌ஷாப்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாள் இல்லன்னு வெள்ளன அஞ்சு மணிக்கே பனியோட பனியா பதினோரு வண்டிக்கு அடிச்சோம், காலைல பாத்தா கண்ணாடி மாதிரி இருந்துது, மறு மாசம் தார்ப்பாய உருவும்போது பாம்பு சட்டை உரிச்ச மாதிரி பெயிண்டு தார்ப்பாயோட வந்துட்டு. ஆபீசர் ஒண்ணும் பேசல, பேசாததுதான் பயமா இருந்துது. பதினொண்ணையும் கையால உரிச்சோம். பங்குனி, சித்திரைல அடிங்க, காலை எட்டுல இருந்து பதினொண்ணுக்குள்ள, தகடு கை சுடுததுக்கு முன்ன.

பியூ அடிக்கும்போது மூக்குல கர்ச்சீப் கட்டினா போதும்லா அண்ணாச்சி?

போதாது. எத்தனை தடவை எழுதுதது? ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. வாசனை வச்சு கண்டுபிடிக்க முடியாது, நெஞ்சுல ஏறி ஒரு தடவை ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் பக்கத்துத் தெருவுல அடிச்சாலும் உங்களுக்கு இழுக்கும், ஆயுசுக்கும். கரி போட்ட மாஸ்க் தின்னர் வாசனைக்குத் தாங்கும், இதுக்கு நம்ப முடியாது. வெளிக்காத்து பைப் வழியா வார மாஸ்க் வேணும், அது இருக்க பூத்துல குடுத்து அடிங்க. ஒரே டப்பா பியூன்னாலும் இதேதான், காத்து ஈரத்துல காயுததுக்கு அதுலயும் ஐசோசயனேட்தான் போட்டிருக்கான்.

மேடை மேல நினைவுச் சின்னமா வச்சிருக்க பழைய டாங்குக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கணும். சங்கத்துல பட்ஜெட் கம்மி. எங்க இருந்து ஆரம்பிக்க? (முன்னாள் ராணுவத்தினர் சங்கம்)

சல்யூட். ஆரம்பிக்க வேண்டியது பெயிண்ட்ல இல்ல, தண்ணில. மேல ஏறி எங்கெல்லாம் மழைத்தண்ணி தேங்குதுன்னு பாருங்க, டரட் வளையத்துல, எஞ்சின் மூடில, மட்காட் மடிப்புல. அத முதல்ல வடிய விடுங்க. பழைய பெயிண்ட்ல ஈயமும் குரோமேட்டும் இருக்கும், அதனால காய்ஞ்ச சுரண்டல் வேண்டவே வேண்டாம், தண்ணி விட்டுத் தேய்ங்க, வடியுத சேற்ற சாக்கு விரிச்சுப் பிடிங்க. பிள்ளைய ஏறி விளையாடுத இடம்லா. நல்லா பிடிச்சிருக்க பழைய பெயிண்ட உரிக்காண்டாம், தூக்கின இடத்த மட்டும் தகடு வரைக்கும் எடுத்து, மோசமான பரப்புலயும் பிடிக்குத எப்பாக்சி மாஸ்டிக் ரெண்டு கோட், மேல மேட் பியூ. மொத்தப் பட்ஜெட்ல பாதிக்கு மேல தேய்க்கதுக்கு ஒதுக்குங்க, பெயிண்ட் டப்பாவுக்கு மிச்சம். ரப்பர், கண்ணாடி, நம்பர் பொறிச்ச தகடு இதெல்லாம் டேப் ஒட்டி மூடுங்க, போன தடவை அடிச்சவன் அந்தத் தகட்டு மேலயும் அடிச்சிருப்பான், எடுத்துப் பாருங்க, எந்த வருசத்து வண்டின்னு அதுலதான் இருக்கும்.