பேசிவ் வாய்ஸ்ல அட்வெர்ப் எங்க வரணும்?

பெங்களூர் மாரத்தஹள்ளியில ஐடி வேலையில இருக்கற ஒருத்தர் கேட்டிருக்காரு: "மேடம், க்ளையன்ட் மெயில்ல 'தி ரிப்போர்ட் ஹேஸ் கேர்ஃபுல்லி பீன் செக்டு'னு எழுதினேன். எங்க லீட் அதை 'ஹேஸ் பீன் கேர்ஃபுல்லி செக்டு'னு மாத்திட்டாரு. ஆனா அவரே 'ஹேஸ் ஆல்ரெடி பீன் சென்ட்'னு எழுதறாரு, அது மட்டும் எப்படி சரி?"

அவர் பண்ணது ரெண்டுமே சரிதாங்க. வேலை எப்படி நடந்துச்சுன்னு சொல்ற கேர்ஃபுல்லி, தரோலி, பேட்லி இதெல்லாம் வி3க்கு (செக்டு, சென்ட் மாதிரி வெர்போட மூணாவது வடிவம்) ஒட்டினாப்ல முன்னாடி வரும், ஆல்ரெடி, நெவர், ப்ராபப்ளி மாதிரி எப்போ, எத்தனை தடவை, நடந்திருக்குமா இல்லையான்னு சொல்றதெல்லாம் முதல் ஹெல்பிங் வெர்ப் முடிஞ்ச கையோட வந்துடும். ஒரே வாக்கியத்துல ரெண்டும் வந்தாலும் இதே கணக்குதான்: "தி பில்ட் ஹேஸ் ஆல்ரெடி பீன் தரோலி டெஸ்டட்". ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு ஒரு தடவை சத்தமா படிச்சுப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும். நீங்க எழுதினது பெரிய இலக்கணக் குத்தம்னு சொல்ல மாட்டேன், படிக்க இடறும், அவ்ளோதான்.

ஹெல்பிங் வெர்பையும் வி3யையும் பிரிக்கவே கூடாதுன்னு சில பேர் இன்னும் சொல்றாங்க, அதைக் காதுல போட்டுக்காதீங்க. அதுக்கு எந்த அடிப்படையும் இல்லன்னு 1926லயே இங்கிலீஷ் அகராதி ஆசிரியர் ஃபவ்லர் தன்னோட யூசேஜ் டிக்‌ஷனரியில எழுதிட்டாரு.

உண்மையில சிக்கல் வர்றது ஒரே ஒரு ஹெல்பிங் வெர்ப் இருக்கும்போதுதான். "தி இஷ்யூ வாஸ் க்ளியர்லி எக்ஸ்ப்ளெயின்டு"னு எழுதினா தெளிவா விளக்கினாங்களா, இல்ல விளக்கினாங்கங்கறது தெளிவா தெரியுதான்னு ரெண்டு விதமாவும் படிக்கலாம், ஏன்னா ரெண்டு வகை அட்வெர்ப்புக்கும் அங்க இருக்கறது ஒரே சந்துதான். முதல் அர்த்தம் வேணும்னா க்ளியர்லியை கடைசிக்குத் தள்ளுங்க, ரெண்டாவதுன்னா வாக்கியத்தோட தலையில வச்சு ஒரு கமா போட்டுடுங்க.

பின்னாடி 'பை' வந்தா கவனம். "வாஸ் அப்ரூவ்டு பை தி க்ளையன்ட் க்விக்லி" இழுக்குது, "வாஸ் க்விக்லி அப்ரூவ்டு பை தி க்ளையன்ட்" போதும்.

அப்புறம் இந்த சக்சஸ்ஃபுல்லி. "ஹேஸ் பீன் சக்சஸ்ஃபுல்லி ரீஸ்டார்டட்"னு நடுவுல போட்டாலும் சரி, கடைசியில போட்டாலும் சரி, ஆனா சர்வர் ரீஸ்டார்ட் ஆயிடுச்சுன்னாலே சக்சஸ்தானே, தூக்கிடுங்களேன்.

ஒன்லி மட்டும் தனி கேஸ். "தி ஃபிக்ஸ் வாஸ் ஒன்லி டெஸ்டட் ஆன் ஆண்ட்ராய்டு"னு அனுப்பினா, டெஸ்ட் மட்டும்தான் பண்ணீங்க, இன்னும் ரிலீஸ் பண்ணலைன்னு க்ளையன்ட் எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. ஐஃபோன்ல பாக்கலைங்கறதுதான் விஷயம்னா "வாஸ் டெஸ்டட் ஒன்லி ஆன் ஆண்ட்ராய்டு"னு எழுதுங்க.