ரவென்னாவின் தங்கம்

அன்புள்ள ஐயா,

வத்திக்கானில் லாவோகூன் என்ற பண்டைய சலவைக்கல் சிலையின் முறுக்கேறிய தசைகளைப் பார்த்த கையோடு இத்தாலியின் ரவென்னா நகருக்குப் போனேன். சான் விட்டாலே ஆலயத்தின் மொசைக் சுவர்ச் சித்திரத்தில் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) சக்கரவர்த்தி ஜஸ்டினியன் சீட்டுக்கட்டு ராஜாவைப் போலத் தட்டையாக நிற்கிறார். (படம் இணைத்திருக்கிறேன்.) மறுமலர்ச்சிக் கால ஓவியர் ராஃபேல் வரும்வரை ஆயிரம் வருடம் ஐரோப்பா வரையவே மறந்துவிட்டதா? என்னைப் போன்ற ஆரம்ப வாசகன் எதிலிருந்து தொடங்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள். ‘மறந்துவிட்டார்கள்’ என்பதிலிருந்து மட்டும் வேண்டாம். அது உங்கள் கருத்தே அல்ல. 1550-இல், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வாசாரி கிளப்பிவிட்டது. பைசாந்திய பாணி கரடுமுரடு, எங்கள் தஸ்கனி ஆட்கள் வந்துதான் கலையைக் காப்பாற்றினார்கள் என்றார். தஸ்கனிக்காரர் வேறெப்படி எழுதுவார்?

ஜஸ்டினியன் முன்னால் நின்ற நீங்கள் கொஞ்சம் தலையைத் திருப்பியிருக்கலாமே? அதே பீடப் பகுதிச் சுவரில் விவிலியத்தின் மோசே, இளைஞராக, ஆடு மேய்க்கிறார். பாறை, பச்சை, ஓர் ஆட்டை நோக்கி நீளும் கை. இன்னொரு காட்சியில் குனிந்து செருப்பைக் கழற்றுகிறார். 547-இல் அர்ச்சிக்கப்பட்ட அதே ஆலயம்தான். உடம்பை வளைக்கத் தெரிந்தவர்கள் சக்கரவர்த்தியை வளைக்கவில்லை. ரவென்னாவுக்கே வராத மனிதரை, கையில் திருப்பலி அப்பத் தட்டோடு, பலிபீடத்தின் பக்கத்தில் என்றென்றைக்குமாக நிறுத்திவைக்க வேண்டும். அதற்குத் தசை எதற்கு?

சரி, என் கோபம் உங்கள் படத்தின் மேல். ஃபிளாஷ் போட்டிருக்கிறீர்கள்! தங்கத் தகட்டைக் கண்ணாடிக்குள் வைத்துச் செய்த சில்லுகள் அவை. சுவரில் மட்டமாகப் பதிக்காமல், ஒவ்வொன்றையும் கொஞ்சம் சாய்த்துப் பதித்தார்கள். விளக்குச் சுடர் ஆடினால் மினுங்கும் சில்லும் மாறும். நீங்கள் நகர்ந்தாலும் மாறும். உங்கள் கைபேசி அத்தனையையும் ஒரே அடியில் மஞ்சள் பெயின்ட் ஆக்கிவிட்டது.

திட்டுகிறேனே தவிர, நானும் முதல்முறை பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தவன்தான். மழை பிடித்ததால் திரும்ப உள்ளே ஒதுங்கினேன். மேகமூட்டத்தில் தங்கம் அணைந்து கிடந்தது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் சக்கரவர்த்தியின் தோளருகே ஒரு சில்லு பற்றிக்கொண்டது. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. இரண்டடி நடந்தேன், வெளிச்சமும் கூடவே நடந்தது. குழந்தை மாதிரி முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்தபோது எங்கள் ரயில் போய்விட்டிருந்தது.

அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நான் மறுபடி உள்ளே போனேன். அவள் வரவில்லை.